வெள்ளத்துக்கு முந்தைய கணக்கு



இந்த மேடையில் இதற்கு முன் பேசியவர்கள் எழுத்தாளர்கள், ஆய்வாளர்கள். நாங்கள் நால்வர் ஒரு காலனியின் வாசகர் வட்டத்திலிருந்து வந்திருக்கிறோம். நால்வரும் உட்கார்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறார், அவ்வளவுதான். இலக்கிய மேடையில் வடிகாலைப் பற்றியும் குழாய்ப் பாலத்தைப் பற்றியும் பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் தயக்கத்தோடுதான் கேட்டோம். ஐயா இருந்திருந்தால் அதைத்தான் பேசச் சொல்லியிருப்பார் என்றார்கள். அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறோம்.

ஐயாவை உங்களில் பலர் வாசகர் வட்டம் நடத்தியவராக அறிவீர்கள். எங்களுக்கு அவர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் தலைமையாசிரியர். அவர் மறைந்த பிறகு வீட்டு அலமாரியில் மூன்று நீளவாட்டுக் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. கவிதை எழுதி வைத்திருப்பார் என்று ஆசையாகப் பிரித்தோம். முழுக்கத் தண்ணீர்க் கணக்கு. எந்தத் தேதியில் மழை பிடித்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் வீட்டுக்கு முதலில் ஏறியது, எத்தனை நாள் நின்றது, யார் எங்கே போய்த் தங்கினார்கள், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை. 1977 நவம்பர் புயலிலிருந்து தொடங்குகிறது. 2008 நிஷா, 2011 டிசம்பர் கடைசியில் தானே, 2015 நவம்பர். பள்ளிக்கூடச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தார் தொட்டு ஒரு கோடு போட்டு ஆண்டை எழுதி வைத்திருந்தார். ஒருமுறை வெள்ளையடிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். ஐயா நோட்டைப் பார்த்து அளந்து மறுபடி போட்டார்.

அந்த நோட்டுகளை வரிசையாக வாசித்தபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நாம் போராடியிருக்கிறோம். மறியல் செய்திருக்கிறோம், மனு கொடுத்திருக்கிறோம், உண்மை அறியும் குழு வந்திருக்கிறது, அறிக்கை போட்டிருக்கிறது. வெள்ளத்துக்கு முன்பு நாம் என்ன கேட்டோம் என்று தேடினால் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. கேட்டிருந்தால் ஐயா எழுதியிருப்பார். அவர் எதையும் விடுகிற ஆள் இல்லை.

இன்று எங்கள் பேச்சு இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

எங்கள் காலனி கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. வீராணம் ஏரி நிறைந்து வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீரைத் திறந்தால் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் ஓடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஓடை திறக்காத ஆண்டுகளிலும் காலனிக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில் இருக்கிறது. டெல்டாவில் மேடு என்பது அரை ஆள் உயரம் கூட இருக்காது. அந்த அரை ஆள் உயரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் சாதி இருக்கிறது.

இதைச் சொன்னால் சில நண்பர்கள், அது எப்போதோ நடந்தது, இயற்கையாக அமைந்தது என்பார்கள். இயற்கையாக அமையவில்லை. வயலில் வேலை செய்கிறவன் வயலின் ஓரத்திலேயே கிடக்கட்டும் என்று மிராசுதாரர் காட்டிய மூலையில் குடிசை போட்டோம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்கு மூன்றாண்டு கழித்து, 1971இல், தமிழ்நாடு குடியிருப்பு உடைமையளிப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். அதை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். நாளைக்கே வெளியேறு என்று சொல்லும் அதிகாரத்தை அது நிலவுடைமையாளர் கையிலிருந்து பிடுங்கியது. ஆனால் குடிசை எங்கே இருந்ததோ அந்த இடம்தான் சொந்தமானது. பள்ளம் எங்களுக்குச் சொந்தமானது.

அதற்குப் பிறகும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்தது. சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையின் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் நாலு விரல், ஆறு விரல் உயரும். 2021இல் தலைமைச் செயலாளரே, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குள் எங்கள் தெரு சாலையிலிருந்து எவ்வளவு கீழே போயிருந்தது என்பதை நாங்களே அளந்தோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நிவாரணத்தைப் பற்றி. நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆவது பிரிவு. இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற எந்த அடிப்படையிலும் பாகுபாடு காட்டக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம் இது. அந்தப் பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சடலங்களை அள்ளுவதற்கு வேறு ஊர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையுறையும் முகமூடியும் இல்லாமல் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். கடற்கரையில் மீன் சுமந்தவர்கள், கருவாடு விற்றவர்கள், உப்பளத்தில் நின்றவர்கள், உப்புநீர் ஏறிய வயலில் கூலி வேலை செய்தவர்கள் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் இடம்பெறுவதற்கே போராட வேண்டியிருந்தது. படகு இழந்தவருக்குக் கணக்கு இருந்தது. படகில் வந்த மீனை நம்பி வாழ்ந்தவருக்குக் கணக்கு இல்லை. மீனவத் தோழர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் இழந்தது கொஞ்சமல்ல. கணக்கு போடுகிற முறையைச் சொல்கிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். தென்னை வைத்திருந்தவர்களுக்கு அதுவும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம், ஒரு தென்னை காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த மரத்தில் ஏறியவர், காய் உரித்தவர், மட்டை ஊறவைத்தவர், கீற்று முடைந்த பெண்? அவர்களுக்கும் அடுத்த ஏழெட்டு ஆண்டுக்கு வேலை போனது. அவர்களுக்குப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது நிவாரணப் பொருட்கள் இருந்த ஒரு பை.

வீட்டுக்கும் இதே கதைதான். ஒன்றிய அரசின் 2022-26 காலத்து நிவாரண நெறிமுறையில், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசை என்றால் 8,000 ரூபாய். போதாக்குறைக்கு, சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்றளிக்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவருக்கும், தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை இன்னும் மாற்றாதவருக்கும் இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே யாரும் நம் முகத்துக்கு நேராகச் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. 61ஆவது பிரிவை யார் மீது பாய்ச்சுவது? சொத்து வைத்திருப்பவரின் இழப்பை மட்டுமே இழப்பாகப் பார்க்கும் ஒரு கணக்கு, சொத்து மறுக்கப்பட்டவர்களை எப்போதும் கடைசியில்தான் நிறுத்தும். நிவாரணத்தில் சமத்துவம் கேட்பதை நாம் விடக் கூடாது. ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், இழந்த பிறகு எவ்வளவு என்ற பேரத்திலேயே நம் காலம் போய்விடும்.

இழக்காமல் இருக்க ஒதுக்கிய பணம் என்று ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வெகுகாலம் ஆனது. அதே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 46, 47, 48ஆவது பிரிவுகள் இரண்டு வகை நிதிகளைப் பேசுகின்றன. ஒன்று, பேரிடர் வந்த பிறகு செலவழிப்பதற்கான மீட்பு நிதி. இன்னொன்று, வருவதற்கு முன்பே பாதிப்பைக் குறைப்பதற்கான தணிப்பு நிதி. 2005இல் சட்டம் வந்தாலும் தேசிய அளவில் தணிப்பு நிதி 2021இல்தான் உருவானது. பதினாறு ஆண்டு காகிதத்திலேயே கிடந்தது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 32,000 கோடி, தணிப்புக்கு மட்டும். மீட்பு நிதிக்குள்ளும் மொத்தத்தில் பத்து விழுக்காடு முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் என்று தனியாக வைத்தார்கள்.

தோழர்களே, இந்த 32,000 கோடியில் ஒரு காலனிக்கு ஒரு குழாய்ப் பாலம் கேட்டு எங்கள் வட்டாரத்தில் யாராவது மனு கொடுத்திருக்கிறார்களா என்று விசாரித்தோம். எங்களுக்குத் தெரிந்தவரை யாரும் இல்லை. நாங்களும்தான் கொடுக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடும் மகத் குளத்தோடும் சேர்த்து நினைக்கிறோம். வெள்ளத் தடுப்போடு சேர்த்து நினைப்பதில்லை. 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறைக்குள் இருந்தன. 1943 ஜூலையில் தாமோதர் ஆறு கரையை உடைத்து வங்கத்தை மூழ்கடித்தது. ரயில் பாதையும் பெருஞ்சாலையும் அடித்துச் செல்லப்பட்டுக் கல்கத்தா துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் 1945 ஜனவரியிலும் ஆகஸ்டிலும் கல்கத்தாவில் மாகாணங்களைக் கூட்டிப் பேசினார். அந்த நவம்பரில் கட்டாக்கில் ஒரிசாவின் ஆறுகளைப் பற்றிப் பேசினார். தண்ணீர் மிகுதியை ஒரு தீமையாகப் பார்த்துக் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போகும் பழைய வழியை அவர் ஏற்கவில்லை. வெள்ளத்தைத் தேக்கிப் பாசனம், மின்சாரம், போக்குவரத்து என்று மக்களுக்குப் பயனாக்க வேண்டும் என்றார். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் அமைந்தது. அந்த அணைகளாலும் ஹிராகுட் அணையாலும் ஆதிவாசி மக்கள் நிலத்தை இழந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு அண்ணல் மீது இருக்கும் அன்பு அதைப் பேசத் தடையாக இருக்கக் கூடாது. நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இதை: ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர் ஒருவர், வெள்ளம் வருவதற்கு முன்னால் பொறியாளரையும் நிதி அதிகாரியையும் எதிரே உட்கார வைத்து, வரைபடத்தை விரித்துக் கேள்வி கேட்டார். அந்த நாற்காலி நமக்கு அந்நியமானதல்ல.

இனி எங்கள் காலனியில் செய்தது. பெரிதாக எதுவும் இல்லை, பாதி தோல்வி. ஆனாலும் மாணவத் தோழர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

ஐயாவின் நோட்டை வைத்து ஒரு படம் வரைந்தோம். முதலில் நாங்கள் நால்வரும் கணினியில் வரைந்து எடுத்துப் போனோம். பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். "இதுல எங்க வூடு எங்கடா இருக்கு? தண்ணி எந்தப் பக்கமா வருதுன்னு உனக்குத் தெரியுமா? நீ அன்னிக்கு ஹாஸ்டல்ல இருந்த" என்றார் ஒரு அக்கா. பிறகு கோயில் வாசலில் கோலமாவை வைத்து அவர்களே வரைந்தார்கள். தண்ணீர் நாங்கள் நினைத்ததுபோல் வாய்க்காலில் இருந்து வரவில்லை. ஊர்ப் பக்க வயல்களின் வடிகால் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரே ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அது அடைத்துக்கொண்டதும் தண்ணீர் திரும்பிக் காலனிக்குள் வருகிறது. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் ஆண்கள் கேரளாவுக்கு வேலைக்குப் போய்ப் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று கூழாங்கல், புளியங்கொட்டை வைத்துக் காட்டினார்கள். எங்கள் கணினிப் படத்தில் இதெல்லாம் இல்லை.

அதன் பிறகு கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்துச் சாலையிலிருந்து தெருவரை அளந்தோம். தெரு இரண்டடி நாலு அங்குலம் கீழே இருந்தது. பள்ளிச் சுவரின் 2015 கோட்டையும் அதே மட்டத்தில் பார்த்தோம். சாலையின் இன்றைய உயரத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் அரை அடிதான் வித்தியாசம். எண் கையில் வந்ததும் எங்கள் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் வருது சார், தண்ணீர் வருது சார் என்று சொல்வோம். இப்போது இரண்டடி நாலு அங்குலம் என்கிறோம்.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்று ஒன்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இருக்கிறது. சட்டப்படி ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இணைத் தலைவர். தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள் என்று அடையாளம் கண்டு, அங்கெல்லாம் முதல்நிலை மீட்பாளர்கள் என்று உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். எங்கள் ஊராட்சியின் பெயரும் பட்டியலில் இருந்தது. ஆனால் ஊராட்சி என்று போட்டால் அது ஊரைத்தான் குறிக்கும். காலனியின் பெயர் தனியாக இல்லை. மீட்பாளர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. தண்ணீர் ஏறும் இடத்தில் ஆள் இல்லை, ஏறாத இடத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்டதற்கு, நீங்கள் யாரும் பெயர் கொடுக்கவில்லையே என்று பதில் வந்தது. பெயர் கேட்டதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதை விட்டுவிடுவோம். இப்போது காலனியிலிருந்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், அதில் மூவர் பெண்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுபோனோம். சாலைக்கு அடியில் இரண்டாவது குழாய், வடிகாலைத் தூர்வாருதல், காலனி மனைகளை மண் கொட்டி உயர்த்துதல், தங்குவதற்கு உயரமான கட்டடம். அங்கேதான் உண்மையான சண்டை வந்தது. மனையை உயர்த்தினால் தண்ணீர் எங்கள் வயலில் நிற்கும் என்று ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். இத்தனை ஆண்டு உங்கள் வயல் தண்ணீர் எங்கள் வீட்டில் நின்றதே என்று நாங்கள் கேட்டோம். கூட்டம் பாதியில் கலைந்தது. தீர்மானத்தில் தூர்வாருதல் மட்டும் எழுதப்பட்டது. பிறகு திங்கட்கிழமை மனு நாட்களில் ஏழு முறை போனோம். படத்தையும் அளவையும் இணைத்தோம். ஒரு பொறியாளர் வந்து எங்கள் அளவைத் தன் கருவியால் சரிபார்த்தார். ஒரு அங்குல வித்தியாசம்தான். கொத்தனாருக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பதினான்கு மாதம் கழித்து இரண்டாவது குழாய் வந்தது. மனை உயர்த்துவது பதினொரு வீட்டோடு நின்றுவிட்டது. உயரமான கட்டடம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1999 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் அதே கடற்கரைக்கு வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. புயல் மனம் மாறிவிடவில்லை. நடுவில் தங்குமிடங்கள் கட்டினார்கள், எச்சரிக்கையைக் கடைசி வீடுவரை கொண்டுபோக ஆள் வைத்தார்கள். நம் கடலோர மாவட்டங்களிலும் உலக வங்கிக் கடனில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் மையம் எங்கே இருக்கிறது, அதற்குப் போகும் வழி யார் தெரு, சாவி யாரிடம் என்பது நமக்குப் பொருட்படுத்த வேண்டிய கேள்வி. நள்ளிரவில் இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், ஒருவர் வீட்டுத் திண்ணையில் நின்று சாவி கேட்க வேண்டிய நிலை எங்களுக்கு இருந்திருக்கிறது. ஐயாவின் நோட்டில் அந்த இரவு இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் நுழையக்கூடிய ஒரு மேடு வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

பணம் என்றதும் பலரும் துணைத் திட்ட நிதியைக் கை காட்டுகிறார்கள். இதில் நாம் உஷாராக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகைப் பங்குக்குக் குறையாமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நாம் 20 விழுக்காடு. ஆந்திரம் 2013இல் இதற்குச் சட்டம் இயற்றியது, தமிழ்நாடு 2024இல் இயற்றியது. ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்புவதும், பொதுச் சாலைக்கும் பொதுப் பாலத்துக்கும் திசைமாறுவதும் நாம் நெடுநாளாகப் பேசிவரும் குற்றச்சாட்டு. காலனியில் வெள்ளம் வடிய வேண்டும், உங்கள் நிதியிலேயே கட்டித் தருகிறோம் என்று ஒரு அதிகாரி எங்களிடம் சொன்னார். முதலில் மகிழ்ந்தோம், பிறகுதான் கணக்கு புரிந்தது. ஊர் வயலின் தண்ணீரை வடிக்கும் குழாய்க்கு நம் பிள்ளைகளின் விடுதிக்கும் கல்விக்கும் போக வேண்டிய பணமா? வடிகால் பொதுக் கடமை. அதற்குத் தணிப்பு நிதியும் ஊராட்சி நிதியும் இருக்கின்றன. துணைத் திட்ட நிதி அதற்கு மேல் கூடுதலாக வர வேண்டும். பட்டா மாற்றத்துக்கும், மேட்டில் மனை வாங்கிக் கொடுக்கவும், கான்கிரீட் வீட்டுக்கும் அது வரட்டும். இந்தப் பிரிப்பை நாம் ஒவ்வொரு மனுவிலும் எழுத வேண்டும்.

பெண்கள் தாங்களாகவே ஒன்று செய்தார்கள். 64 வீடு, வீட்டுக்கு மாதம் 20 ரூபாய், மழைக்காசு என்று பெயர். ஆண்டுக்கு 15,360 ரூபாய் வர வேண்டும். ஒருமுறையும் முழுதாக வந்ததில்லை. அதில் தார்ப்பாய், கயிறு, டார்ச், குளோரின் மாத்திரை வாங்கினார்கள். பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களை மழைக்கு முன்பே உறவினர் வீட்டுக்கு அனுப்ப ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள். ஒரு சாவுக்கு எடுக்கலாமா கூடாதா என்று பெரிய தகராறு வந்து, எடுக்கலாம் ஆனால் ஐப்பசிக்குள் திருப்ப வேண்டும் என்று முடிந்தது. வீட்டுக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். ரேஷன் கார்டு, பட்டா நகல், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள். 2015இல் எங்களில் ஒருவருக்குச் சான்றிதழ்கள் ஊறிக் கூழாகிப் போய், நகல் வாங்கி முடிப்பதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருடம் செங்கல் சூளையில் வேலை செய்தார். அந்தப் பையின் விலை எங்களுக்குத் தெரியும்.

மழைக்காசைப் பார்த்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தார், சமூகமே தன்னைக் காத்துக்கொள்வதற்கு இது முன்மாதிரி என்று பாராட்டிப் போனார்கள். எங்களுக்கு அந்தப் பாராட்டு கசந்தது. கூலிக்குப் போகிறவர்கள் இருபது ரூபாய் போட்டு அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாது. தார்ப்பாய் வாங்கலாம், வடிகால் வெட்ட முடியாது. அந்தக் காசின் உண்மையான பயன் வேறு. மாதத்துக்கு ஒருமுறை காசு வாங்கப் போகும்போது, மனு என்னாச்சு என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். கோடையிலும் கேட்டார்கள். வெயில் காலத்தில் வெள்ளத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் அப்படித்தான் வந்தது. அந்த அக்கா சொல்வார்: "மழ பெஞ்சாத்தான் கலெக்டரு நம்ம தெருவுக்கு வருவாரு. இந்தத் தடவ வெய்யில்ல வரவெச்சோம்ல."

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. விழுப்புரத்தில் மயிலம் பக்கம் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் விடியும் முன்பே மூழ்கின. அங்கே நடந்ததோடு ஒப்பிட்டால் எங்களுக்கு வந்தது சாதாரண மழைதான். ஆனாலும் இரண்டாவது குழாய்க்கு அது முதல் சோதனை. தண்ணீர் தெருவுக்குள் வந்தது, வாசல்படியில் நின்றது, மறுநாள் மாலைக்குள் வடிந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு வாரம் நிற்கும். நாங்கள் தார் டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளிச் சுவருக்குப் போனோம். 2015 கோட்டுக்கு ஒரு முழத்துக்கும் கீழே புதுக் கோடு போட்டோம். ஐயா பார்த்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது. புதுக் குழாய் வழியாகப் போன தண்ணீர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடிசைகளுக்குள் நின்றிருக்கிறது. ஏழு குடும்பம். எலிப் பொறியும் வலையும் போட்டுப் பிழைக்கிறவர்கள். யாரிடமும் பட்டா இல்லை. கோலமாவில் படம் வரைந்த அன்று அவர்களை நாங்கள் கூப்பிடவில்லை. எங்கள் படம் வாய்க்கால் கரையோடு முடிந்திருந்தது. ஊர் படம் வரைந்தபோது காலனியை எப்படி விட்டதோ, அப்படி. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் மேல் கோபப்படக்கூட இல்லை. "ஒங்களுக்கு வடிஞ்சிச்சா தம்பி?" என்று கேட்டார்.

ஐயாவின் மூன்றாவது நோட்டில் பின்பக்கம் பாதி வெறுமையாக இருந்தது. அதில் அந்த ஏழு குடும்பங்களின் பெயரை எழுதியிருக்கிறோம். தண்ணீர்க் குழாயை எடுத்துப் போய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் அளந்தாயிற்று. எங்கள் தெருவைவிட அங்கே இன்னும் பதினோரு அங்குலம் தாழ்வு. வடிகாலை ஓடைவரை நீட்டவும், அவர்களுக்கு மேட்டில் மனைப்பட்டா தரவும் மனு தயாராகியிருக்கிறது. இந்த முறை மேலே ஏழு பெயர், கீழே அறுபத்து நாலு. அடுத்த கிராம சபை மே 1. அன்று வெயில் கொளுத்தும். முடிந்த தோழர்கள் வாருங்கள்.